செத்தவன் பேருல வேலைக்குப் போனவ

"மம்பட்டி எனக்கு மட்டும் பாதி கனமாவா இருக்கு?"

பாப்பம்மாள் இதைக் கேக்காத நாளே கெடையாது. கொடைக்கானல் மலையில திருமலைச்சாமி தோட்டத்துல உருளைக்கெழங்கு தோண்ட வெள்ளனே எறங்குவா. பக்கத்துல தோண்டுற ஆம்பளைக்கு ஒண்ணரை ரூவா, அவளுக்கு முக்கா ரூவா. "ஆரம்பிச்சுட்டாடி"ன்னு கூட வேலை பாக்குற கந்தம்மாள் சிரிப்பா. பாப்பம்மாளுக்குச் சிரிப்பு வராது. புருசன் செல்லப்பாண்டி காய்ச்சல்ல போயி ரெண்டு வருசம். வீட்டுல ரெண்டு பொட்டப்பிள்ளைக. முக்கா ரூவாயில மூணு வயிறு எங்கிட்டு நெறையும்?

அந்தத் தோட்டத்துல ஒரு வழக்கம். புருசன் பொஞ்சாதி சேந்து வந்தா கூலிப் புஸ்தகத்துல புருசன் பேரை மட்டுந்தான் எழுதுவாக. அவ கூலியும் அவன் கையிலதான் விழும்.

போன வருசம், அறுபத்தொண்ணுல, மதுரையிலேர்ந்து ஞானவேல்னு ஒரு காலேஜ் வாத்தியார் வந்தாரு. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் கூலி ஏன் வித்தியாசப்படுதுன்னு தோட்டம் தோட்டமாக் கேட்டு எழுதுறவரு. திருமலைச்சாமி நாற்காலி போட்டாரு, காப்பி குடுத்தாரு, பதிலையும் அவரே குடுத்தாரு.

"எந்தோட்டத்துல பொம்பளைக் கூலியாளே கெடையாதுங்க சார். புருசனுக்கு ஒத்தாசையா வாராளுக. நானாப் பாத்து ஏதோ குடுக்குறேன்."

பாப்பம்மாள் மம்பட்டியைப் போட்டுட்டு நிமிந்தா. "ஏ, சும்மா கெடடி"ன்னு கந்தம்மாள் சேலையைப் பிடிச்சு இழுத்தா. நிக்கல.

"எம்புருசன் செத்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. நான் யாருக்கு ஒத்தாசைக்கு வாரேன்னு மொதலாளியக் கேட்டுச் சொல்லுங்க."

வாத்தியார் அவ புருசன் பேரைக் கேட்டுக்கிட்டு, கூலிப் புஸ்தகத்தை வாங்கிப் புரட்டுனாரு. மெதுவாச் சொன்னாரு:

"செல்லப்பாண்டி நேத்து வேலைக்கு வந்ததா எழுதியிருக்கும்மா. முந்தாநாளும்."

எழுத்துத் தெரியாதவ அவ. இடுப்பு ஒடியத் தோண்டுனது அவ, பேரு செத்தவனுதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. கண்ணைத் தொடைச்சுட்டுக் கேட்டா:

"அவர்தான் வந்தாருன்னா, ஒண்ணரை ரூவா ஏன் தரலீங்க?"

மறுநாள் காலையிலதான் திருமலைச்சாமி பதில் சொன்னாரு.

"செல்லப்பாண்டி பேரை அடிச்சாச்சு. ஓம்பேரு எம்புஸ்தகத்துலயே இல்ல. எந்த வேலைக்கு வந்த?"

கந்தம்மாள் குனிஞ்ச தலை நிமிரல. அவளைக் குத்தம் சொல்லி என்ன, அவளுக்கும் நாலு பிள்ளைக.

ரெண்டு மாசம் யாரும் பாப்பம்மாளை வேலைக்குச் சேக்கல. வெறகு பொறுக்கி வித்தா. மூத்தவ பள்ளிக்கூடத்தை விட்டவதான், பெறகு போகவே இல்ல. வாத்தியார் எழுதுன அறிக்கையில பாப்பம்மாள் பேரு இருக்காம். பேரு கஞ்சி ஊத்துமா?

இப்ப அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு கேரட் தோட்டத்துல இருக்கா. மொத நாளே பேரை எழுத வச்சு, படிச்சுக் காட்டச் சொல்லிட்டுத்தான் மண்ணுல எறங்குனா. ஒரு ரூவா தாராக. ஆம்பளைக்கு அங்கயும் கூடத்தான்.

கொடைக்கானலுக்கு ஏரி பாக்க வாரவுக ஒரு எட்டு அட்டுவம்பட்டிக்கும் போயிப் பாருங்க. மத்தியானம் கஞ்சி குடிக்கிற நேரமாப் போங்க, சோலி நேரத்துல போனா அவ கூலியப் பிடிப்பாக. மொதலாளி தள்ளிப் போனதும் பேச்சுக் குடுங்க. அவளே சொல்லுவா.