வட்ட வாள் வாங்கிய மனிதர்

போர்க்காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து இரும்புக்கடையில் அவரைச் சந்தித்தேன். பலகையில் வட்டமாகத் துளை வெட்டும் வாள் செட் ஒன்றுதான் அங்கே மிஞ்சியிருந்தது. சமையல் குசினித் தட்டுப் பலகையில் குழாய் நுழைக்க எனக்கும் அது வேண்டியிருந்தது. அந்த நரைமீசைக்காரரோ ஒவ்வொரு வளையத்தையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வீட்டில அப்பிடி என்ன வேலை?” என்று கேட்டேன்.

“ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போன மகனை விட்டிட்டாங்கள், ஐயா. இப்ப கதவைச் சாத்தினா அவனுக்கு மூச்சு முட்டுதாம். அறைக்கதவில காத்து வர ஓட்டை போடப்போறன்” என்றார். குரலில் அவ்வளவு கவலை.

என் மகனையும் பிடித்துப் போயிருந்தார்கள். ஒரு தகவலும் இல்லை.

“நீங்களே கொண்டுபோங்கோ” என்றேன்.

வாளை விட்டுக்கொடுக்க முடிந்தது. அவருடைய கவலையைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்கத்தான் முடியவில்லை.