வியாழக்கிழமை ரெண்டரை மணி

ஷம்சாத் பேகம் பெண்களுக்கான மார்க்க வகுப்பில் சேர்ந்ததற்குச் செங்கல்பட்டில் அவள் தெருவினர் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று பக்தி. மற்றது, கணவர் ஜைனுலாப்தீனின் கட்டாயம். இரண்டாவது பாதி உண்மை. சீரியல் பார்த்து மனைவிக்கு வாய் நீண்டுவிட்டது, வகுப்புக்குப் போனால் அடக்கம் வரும் என்று அவர்தான் சேர்த்துவிட்டார். ஷம்சாத் சொல்லும் காரணம் வேறு.

"வியாழக்கெழம ரெண்டரலேர்ந்து நாலு வரைக்கும் என்னாண்ட யாரும் டீ கேக்க மாட்டாங்க. சொர்க்கத்த அப்பால பாத்துக்கலாம்."

ஆனால் போன இடத்தில் கோபம் பிடித்துக்கொண்டது. சிறுமியாக இருந்தபோதே குர்ஆனை அரபியில் முழுதும் ஓதி முடித்தவள். முப்பது வருடமாக ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. வகுப்பெடுக்கும் ஆலிமா ஜுபைதா தமிழில் விளக்க விளக்க, இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

ஜைனுலாப்தீனுக்கு பைக் சீட் கவர் தைக்கும் கடை. ஊரில் பாதிப் பேர் அவர் தையல்மேல்தான் உட்கார்ந்து போகிறார்கள். தன் சட்டைப் பொத்தான் அறுந்தால் மட்டும் மனைவியிடம் நீட்டுவார். ஒரு புதன்கிழமை அப்படி நீட்டியபோது, சட்டை ஊசி நூலோடு திரும்பி வந்தது.

"நபியே தன் துணிய தானே தெச்சுக்கினாராம். நீங்க அவர வுட பிஸியா?"

"இதுக்கா உன்ன அனுப்பிச்சேன்? நாளைலேர்ந்து வகுப்பு கெடையாது. வாசப்படி தாண்டக்கூடாது."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் மூன்று மணிக்குச் சாப்பிட வந்தவர், தம் வாசலில் இருபது ஜோடிச் செருப்புகளைப் பார்த்து நின்றார். வகுப்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. ஜமாத் செயலாளரின் மனைவியும் உள்ளே இருந்ததால் கத்தவும் வழியில்லை. ஷம்சாத் கதவருகே வந்தாள்.

"படி தாண்டல, பாத்துக்குங்க."

"இன்னாடி இது? தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இனிமே வாராவாரம் இங்கதான்."

"பசிக்குதுடி."

"சோறு அடுப்பு மேல கீது. பின்பக்கமா வந்து போட்டுக்குங்க. தட்ட கழுவி வெச்சுடுங்க."

அவர் சுற்றிக்கொண்டு போனார். பதினெட்டு வருடம் குடியிருந்த வீட்டில் கரண்டி எங்கே என்று தெரியவில்லை. குழம்பைக் கிண்ணத்தாலேயே மொண்டு ஊற்றிக்கொண்டார். கூடத்தில் மனைவி படித்துக்கொண்டிருந்தாள், தேவைக்குச் சற்று அதிகமான சத்தத்தில்.

நாலு மணிக்குச் செருப்புகள் கலைந்ததும் வந்து சொன்னார்:

"அடுத்த வாரம் நீ அங்கயே போ."

"யோசிக்கிறேன்," என்றாள் ஷம்சாத்.