சொல்லச் சொன்னதைச் சொல்லுறன்

சட்டன் என்கிற ஆங்கிலேய ஊரில் எங்கள் வீட்டு மாடியில், கட்டில்கூடப் போட ஏலாத ஒரு சின்ன அறை இருக்கிறது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் சூட்கேஸ்களும் குளிர்கோட்டுகளும் அதற்குள் கிடந்தன. இப்போது அதுதான் என் வேலைத்தலம். கீழே ஓடும் தொலைக்காட்சிச் சத்தம் ஏறாமல் இருக்கக் கதவில் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன். பின்னேரம் இரண்டு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், அமெரிக்காவின் ஏதோவொரு மாநிலத்தில் காலை ஒன்பது மணி. நீதிபதி வந்து அமர்ந்திருப்பார்.

நான் மொழிபெயர்ப்பாளர். முதலில் இங்கே ஆஸ்பத்திரிகளிலும் அகதி விசாரணைகளிலும் வேலை செய்தேன். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்க நீதிமன்றங்கள் வீடியோவில் வழக்கு நடத்தப் பழகிவிட்டன. அங்கே சின்ன ஊர்களில் தமிழ் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. அதனால் ஒரு ஏஜென்சி என்னைக் கூப்பிடத் தொடங்கியது. ஒருநாள் ஒரு மாநிலத்தில் குடித்துவிட்டுக் கார் ஓடிய வழக்கு, அடுத்தநாள் இன்னொரு மாநிலத்தில் விவாகரத்து. வாடகை வீட்டிலிருந்து எழுப்புகிற வழக்குகளும் வரும். ஆட்களின் முகம் ஒரு மணித்தியாலம் திரையில் நிற்கும், பிறகு போய்விடும். முடிவு என்னவென்று பெரும்பாலும் தெரியவராது.

ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்துதான் தொடங்குவேன். சொல்லப்படுகிற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, புத்திமதி சொல்லக் கூடாது. அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். எனக்கென்று ஏதும் கேட்பதானால், "மொழிபெயர்ப்பாளர் கேட்க விரும்புகிறார்" என்று யாரோ மூன்றாம் ஆளைப்பற்றிப் பேசுவதுபோலப் பேச வேண்டும்.

நான் சொல்லப்போகிற மனிதரை இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன். எந்த மாநிலம் என்று சொல்லமாட்டேன். வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். அறுபது வயதிருக்கும். மன்னார்ப் பக்கம். பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த கடையொன்றில் கல்லாவில் நின்றவர். ஒரு வாடிக்கையாளரை மொப் தடியால் அடித்துத் தாடையை உடைத்தார் என்று வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை இல்லை, இரண்டு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும் என்று அரசுத் தரப்பு சொல்லியிருந்தது. ஒப்புக்கொள்ள வேண்டிய நாள் அன்று.

வழக்கு எடுக்கப்படும் முன்னர், ஓர் அறையில் ஒன்றாக இருந்த அவரும் அவருடைய வக்கீலும், வீடியோவில் நானுமாகத் தனியாகப் பேச ஒழுங்கு செய்திருந்தார்கள். வக்கீல் அரசு கொடுத்த இளம் பெண். கெட்டவள் அல்ல, அவளுக்கு நேரம்தான் இல்லை. காகிதத்தை ஒருமுறை வாசித்தாள், நான் தமிழில் சொன்னேன், அவர் தலையாட்டினார். பிறகு அவளுக்குத் தொலைபேசி வந்தது. "இரண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

வக்கீல் இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் இருக்கக் கூடாது. உடனே தொடர்பிலிருந்து விலக வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேதான் இருந்தது.

"தங்கச்சி, கேக்குதோ?" என்றார்.

நான் ஒலிவாங்கியை நிற்பாட்டினேன். ஆனால் விலகவில்லை.

"நீங்கள் எவடம், தங்கச்சி? யாழ்ப்பாணமோ?" சற்றுப் பொறுத்தார். "கதைக்கக்கூடாதாக்கும். சரி, நான் சொல்லுறன். நான் அவனை அடிக்கேல்லை. அவன் வெறியில வந்து போத்திலைத் தூக்கி நிலத்தில அடிச்சவன். நான் துடைச்சுக்கொண்டு நிண்டனான். என்னைப் பிடிக்க வந்தவன், ஈரத்தில சறுக்கி மேசை விளிம்பில போய் விழுந்தவன். கமராவில அந்த மூலை தெரியாதாம். ஓம் எண்டு சொல்லிப்போட்டால் கெதியா முடிஞ்சிடுமெண்டு லோயர்ப் பிள்ளை சொல்லுறா. மகளுக்கு டொரன்டோவில கலியாணம், தங்கச்சி. எனக்குப் போக வேணும். நான் என்ன சொல்ல?"

பதில் சொல்ல எனக்கு ஏலாது. ஒரு பக்கத்தில் போர்வை, ஒரு பக்கத்தில் சுவர், முன்னால் அவருடைய முகம். என் அண்ணை இப்படிக் கேட்டிருந்தால் மேசையைத் தள்ளிக்கொண்டு எழும்பியிருப்பேன். அப்போது தலையைக்கூட ஆட்டாமல் கையில் பேனையோடு இருந்தேன். அவருக்கு என் முகமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

வக்கீல் திரும்பி வந்தாள். நாங்கள் திரையிலேயே நீதிமன்றத்துக்குள் எடுக்கப்பட்டோம்.

நீதிபதி ஒரு பெண். அவசரப்படாமல், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். வழக்கை ஜூரி முன் நடத்த உங்களுக்கு உரிமை உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறீர்கள், விளங்குகிறதா?

"ஓம்."

நீங்கள் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. இதனால் உங்களை நாடு கடத்தவும் கூடும். விளங்குகிறதா?

"ஓம், ஓம்."

நான் ஒவ்வொன்றையும் "யெஸ்" என்று சொன்னேன். வேறு என்னவென்று சொல்வது? எங்கள் ஆட்களின் ஓம் எல்லாம் ஒரே ஓம் இல்லை. "சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்பதும் ஓம்தான். பெரிய இடத்தில் இருக்கிறவர் பேசும்போது இடையில் மரியாதைக்குப் போடுவதும் ஓம்தான். அவர் கேள்வி முடிய முன்னரே, நான் தமிழில் பாதி சொல்லும்போதே, ஓம் போட்டுக்கொண்டிருந்தார். "மொழிபெயர்ப்பாளர் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறார்" என்று நான் சொல்லியிருக்கலாம். விதி அதை அனுமதிக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன், அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. பயமும் இருந்தது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டால், கேட்கக் கூடாததைக் கேட்டேன் என்றல்லவா சொல்ல வேண்டும்?

"அன்றைக்கு அந்த மனிதரைத் தடியால் அடித்தீர்களா?"

அவர் வக்கீலைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வக்கீல் மெதுவாகத் தலையாட்டினாள்.

"ஓம்" என்றார்.

"யாரும் உங்களை வற்புறுத்தவில்லையே? உண்மையிலேயே குற்றம் செய்தபடியால்தான் ஒப்புக்கொள்கிறீர்களா?"

அவர் தலையைக் குனிந்தார். நீதிபதிக்கு அல்ல, முன்னால் இருந்த மேசைக்குத்தான் சொன்னார். "சொல்லச் சொன்னதைச் சொல்லுறன்."

அந்த நீதிமன்றத்தில் வேறு ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அது வாய்க்குள் முணுமுணுத்த ஒரு சொல். கேட்கவில்லை என்று விட்டிருக்கலாம். "திரும்பச் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தால், அவர் சுதாரித்துக்கொண்டு ஓம் என்றிருப்பார். மாலைக்குள் எல்லாம் முடிந்திருக்கும், அவர் டொரன்டோவுக்குப் போக அனுமதி கேட்டிருப்பார். இதெல்லாம் பிறகு யோசித்தவை. அந்த நேரத்தில் என் வாய் தன்பாட்டில் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது.

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். வக்கீல் கண்ணை மூடினாள். இந்த ஒப்புதலைத் தன்னால் ஏற்க முடியாது, வழக்கு விசாரணைக்குப் போகட்டும் என்று நீதிபதி சொன்னார். அதையும் நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரை இருண்டது.

கீழே வந்தபோது கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கொலைக் கேஸோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. முப்பது வருடம் ஒன்றாக இருந்த மனுசனிடம்கூட வாய் திறக்க ஏலாத வேலை இது. அன்றிரவு சமைத்ததைப் பிள்ளைகள் உப்புக் கூட என்றார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு ஏஜென்சியிலிருந்து ஒரு வேலை வந்தது. அதே பெயர். இம்முறை சிவில் வழக்கு. தாடை உடைந்த மனிதர் அவர்மேலும் கடைமேலும் நட்டஈடு கேட்டுப் போட்டது. விசாரணைக்கு முன்னர், நீதிபதி இல்லாமல், இரு பக்க வக்கீல்களும் சத்தியத்தின்பேரில் கேள்வி கேட்டு, எழுத்துப்பதிவாளர் ஒவ்வொரு சொல்லையும் பதிவுசெய்யும் நாள். இவருடைய முந்தின வழக்கில் நான் வேலை செய்தேன் என்று எழுதி அனுப்பினேன். மறுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது.

திரையில் அவர் வந்தபோது மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். கேள்விகளிலிருந்துதான் நான் மிச்சக் கதையைத் தெரிந்துகொண்டேன். குற்ற வழக்கு மூன்று தடவை தள்ளிப்போயிருக்கிறது. கடைசியில் அடிபட்டவர் நீதிமன்றத்துக்கு வராதபடியால் அரசு அதைக் கைவிட்டிருக்கிறது.

"அந்தக் காலத்தில் வேலை செய்தீர்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"இல்லை. முதலாளி நிப்பாட்டிப்போட்டார்."

"எங்காவது பயணம் போனீர்களா?"

"போகேலாது. எங்க போறனெண்டு பாக்கக் காலில கருவி பூட்டி விட்டிருந்தவை. மகளின்ர கலியாணத்தை போனில பாத்தனான்."

"என் மகளின் கல்யாணத்தைப் போனில் பார்த்தேன்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் நடுங்கியதா என்று தெரியாது. எழுத்துப்பதிவாளர் நடுக்கத்தைப் பதிவதில்லை.

மூன்றாம் மணித்தியாலம் போல, வக்கீல்கள் தங்களுக்குள் ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் கமராவுக்கு நேரே பார்த்தார்.

"அண்டைக்கு நீங்கள் ஏன் அதைச் சொன்னனீங்கள்?"

கோபம் என்று சொல்ல முடியாது. நன்றி என்றும் சொல்ல முடியாது. ஏதோ நெடுநாளாகக் கேட்க வைத்திருந்தவர்போலக் கேட்டார்.

சொல்லப்படுகிற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "அன்றைக்கு நீங்கள் ஏன் அதைச் சொன்னீர்கள்?"

எதிர்த்தரப்பு வக்கீல் நிமிர்ந்தார். "யாரிடம் கேட்கிறார்? என்னிடமா?"

அதையும் நான் தமிழில் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். "யாரிடம் கேட்கிறீர்கள்? என்னிடமா?"

அவர் என்னையே பார்த்தார். அந்த "என்னிடமா" வக்கீலுடைய சொல் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமலும் இருந்திருக்கலாம். நான் தொண்டையைச் செருமினேன், தண்ணீர் குடித்தேன். ஒரு சொல், ஒரேயொரு சொல் எனக்குச் சொந்தமாகச் சொல்ல விட்டிருந்தால், அது என்னவாக இருந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"ஒருத்தரிட்டயும் இல்லை" என்றார் அவர்.

"நோ ஒன்" என்றேன் நான்.

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போனார். ஈரத் தரையில் எச்சரிக்கைப் பலகை வைத்தீர்களா என்று கேட்டார். வைத்தேன் என்றார். என்ன நிறம் என்று கேட்டார். மஞ்சள் என்றார். இன்னும் இரண்டு மணித்தியாலம் அப்படியே போனது.

அந்த வழக்கின் விசாரணைக்கும் என்னையே பதிவு செய்திருந்தார்கள், மூன்று நாளுக்கு. அதற்கு ஒரு கிழமை முன்னர் ஏஜென்சி எழுதியது. இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள், உங்கள் சேவை தேவைப்படாது. என்ன சமாதானம், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று அதில் இல்லை. அவர் இப்போது அந்த ஊரில் இருக்கிறாரா, டொரன்டோவில் மகளோடு இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டு எழுத எனக்கு அனுமதியும் இல்லை.

விசாரணை தொடங்கியிருக்க வேண்டிய அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை. ஆனாலும் இரண்டு மணிக்கு மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, கணினியைப் போடாமல், ஐந்து மணிமட்டும் இருந்துவிட்டு வந்தேன்.