பூஜையில் வைத்த ஸ்பேனர்

எங்கள் வீட்டில் நான் சொல்லும் எச்சரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தப்பு அவர்கள்மேல் இல்லை. கேஸை மூடியாச்சா, கதவைப் பூட்டியாச்சா, ஈரத்தில் கால் வைக்காதே, மாடிக் கைப்பிடியில் சாயாதே என்று விடிந்ததிலிருந்து படுக்கிறவரை சொல்லிக்கொண்டே இருப்பவன் நான். துணிக்கடையில் பார்சல் கட்டுவது என் வேலை. கட்டிய முடிச்சை இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்காமல் ஒரு பார்சலையும் அனுப்பியது கிடையாது. கடையில் சிரிப்பார்கள். வீட்டில் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு நாள் நிஜமான ஆபத்தைச் சொன்னேன். அதுவும் மற்றதோடு சேர்ந்து காற்றில் போயிற்று.

எங்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருக்கிறது. என் மகளைவிட மூன்று வயது மூத்தது. மகள் அந்த வருடம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதுதான் அந்த ஆட்டத்தைக் கவனித்தேன். பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் இடதில் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தால், பல் ஆடுவதுபோல ஆடியது.

ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியின் நுனியில் உருண்டையாக ஒரு மூட்டு இருக்கும். டை ராடு எண்டு என்பார்கள். ஸ்டியரிங்கை நாம் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புவது அதுதான். அது தேய்ந்து ஒருநாள் கழன்றுகொண்டால் ஸ்டியரிங் நம் கையில் சுற்றும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இரண்டு வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சாமான் கழுவியவன் நான். படித்தது மறந்துபோயிற்று, அது மறக்கவில்லை. அதனால்தான் அந்த வேலையை வெளியில் கொடுக்க மனம் வரவில்லை. யாரோ ஒருவர் அவசரத்தில் முடுக்கிய நட்டை நம்பி என்னால் தூங்க முடியாது.

ஒன்று தேய்ந்தால் இரண்டு பக்கமும் மாற்றுவதுதான் முறை. வலது பக்கத்தை ஆயுத பூஜைக்கு முதல்நாளே மாற்றிவிட்டேன். பழைய மூட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புதியதையும் அத்தனை சுற்றுதான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணிக்கொள்ளும். பதினான்கு சுற்று. சுவரில் கரியால் எழுதியும் வைத்தேன். இடது பக்கம் பூஜையன்று காலையில் வீம்பு பிடித்தது. துருவேறி, சுத்தியால் தட்டத் தட்ட அசையவே இல்லை. அது விட்டுக்கொடுத்தபோது மணி பதினொன்று.

புது மூட்டை ஏற்றி, அதைச் சக்கரத்தோடு பிணைக்கும் நட்டைக் கையால் திருகினேன். நட்டைக் கடைசியில் ஸ்பேனரால் இறுக்கி, அது கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு பின்னைச் செருகி மடக்கிவிட வேண்டும். ஸ்ப்ளிட் பின். தலையில் குத்துகிற ஹேர்பின்னைவிடச் சின்னது. அந்தப் பின்னைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது கை எண்ணெயில் வழுக்கி, அது நேராகச் சாக்கடைக்குள் விழுந்தது. பழைய பின் கழற்றும்போதே இரண்டாக முறிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி வாசலுக்கு வந்தாள். தலைக்குக் குளித்து, கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

"ஏங்க, பன்னெண்டுக்குள்ள பூஜையில வைக்கணும். ஸ்பேனரு, சுத்தி, ஜாக்கி எல்லாத்தையும் குடுங்க."

"இன்னும் கால் மணி நேரம்."

"இதையேதான் எட்டு மணியிலேர்ந்து சொல்றீங்க. முதல்ல சக்கரத்தை மாட்டுங்க. மூணு கால்ல நிக்கிற வண்டிக்கா நான் பொட்டு வைக்கிறது?"

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. இது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊர் முழுக்க அப்படித்தான். என் கடையில் கத்தரிக்கோல்கூட அன்று வாய் திறக்காது. நான் யோசித்தேன். பின் இல்லாமல் நட்டை இறுக்கி என்ன பயன்? பின்னை வாங்கி வந்து, விஜயதசமி காலையில் இரண்டையும் சேர்த்து ஒழுங்காகச் செய்துவிடலாம். அதுவரை வண்டி சும்மா நிற்கப்போகிறது. சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்தேன். பெரிய ஸ்பேனரைக் கொடுக்கும்போது மட்டும் கை ஒரு நிமிஷம் தயங்கியது.

குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பூஜை முடிந்து சாப்பிட்ட பிறகு மொபெட்டை எடுத்தேன். படியில் நின்று சொன்னேன்.

"வண்டியை எடுக்காதீங்க."

"சரிங்க" என்றாள் மனைவி. "சரிப்பா" என்றாள் மகள், போனைப் பார்த்துக்கொண்டே.

பாலக்கரையில் எனக்குத் தெரிந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பூஜை நடந்துகொண்டிருந்தது. பின் இருக்கும் டிராயரின் மேலேயே சாமி படம், மாலை, பழத்தட்டு. கற்பூரம் காட்டாமல் டிராயரைத் திறக்க மாட்டார்கள். ஐயர் இன்னும் வரவில்லை. முக்கால் மணி நேரம் நின்றேன். அப்புறம்தான் நாலு கடை தள்ளி ஒரு பாய் கடை திறந்திருப்பது கண்ணில் பட்டது.

"ஒரு பின்னுக்கா ஸ்ரீரங்கத்திலேர்ந்து வந்தீங்க?" என்றார் பாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டா வச்சுக்கங்கண்ணே. ஒண்ணு பயத்துக்கு" என்று சிரித்தார். இரண்டையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். காவிரிப் பாலத்தில் திரும்பி வரும்போது பத்து தடவையாவது பையைத் தொட்டுப் பார்த்திருப்பேன். பாலம் முழுக்க வாழைக்கன்று கட்டிய வண்டிகள், மாலை போட்ட பஸ், பொட்டு வைத்த லாரி. எதுவும் என் மனதில் பதியவில்லை.

தெருவுக்குள் திரும்பினேன். கார் நின்ற இடம் காலியாக இருந்தது. நாலு சக்கரமும் இருந்த இடத்தில் நாலு எலுமிச்சம்பழம், நசுங்கி, விதை பிதுங்கிக் கிடந்தது. எறும்பு வர ஆரம்பித்துவிட்டது. பழத்தின் மேல் ஏற்றி இறக்க ஒரு அடி முன்னால் எடுத்தால் போதும். ஆனால் ஈரத் தடம் வளைந்து தெருமுனைப் பக்கம் போயிருந்தது.

எதிர்வீட்டு அம்மா கோலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்களா? இப்பத்தான், கால் மணி இருக்கும். பொன்மலைக்குப் போயிருக்காங்கண்ணே, உங்க மச்சினர் வீட்டுக்கு. பாப்பாதான் ஓட்டுச்சு. என்ன அழகா எடுத்துச்சு தெரியுமா!"

என் மச்சினன் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறான். அங்கே போகப் பாலத்தைத் தாண்ட வேண்டும். மனைவியைக் கூப்பிட்டேன். பூட்டிய வீட்டுக்குள் அவள் போன் அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மகளைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். ஓட்டும்போது போனைச் சைலண்டில் போட்டுப் பெட்டிக்குள் வை, சாமியே கூப்பிட்டாலும் எடுக்காதே என்று அவளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டவன் நான்தான். நான் சொன்னதில் அது ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

கையால் திருகிய நட்டு. மூட்டின் இறுக்கம் அதைக் கொஞ்ச தூரம் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு தூரம்? வேகத்தடை ஒவ்வொன்றிலும் நூலளவு கழலும். பாலத்தில் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது அவள் இடது பக்கம் ஒடித்தால்?

மீட்டர் பெட்டிக்குள்ளிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். பூஜை மூலையில் எல்லாம் வரிசையாக இருந்தன. சின்னதிலிருந்து பெரியதுவரை ஸ்பேனர்கள், ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. பக்கத்தில் மகளின் கல்லூரிப் புத்தகம், என் கத்தரிக்கோல், மனைவியின் அரிவாள்மனை. புத்தகத்தில் கால் பட்டால் மூன்று தடவை கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். பூஜை கலைந்தால் வருஷம் முழுக்க வேலை கலையும் என்பார்கள். கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பூஜையைக் கலைத்ததால் ஆனதா, கலைக்காமல் நின்றதால் ஆனதா என்று காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. "மன்னிச்சுக்கோ தாயே" என்று சொல்லிப் பெரிய ஸ்பேனரை எடுத்தேன். பூ கீழே விழுந்தது. அதைத் திருப்பி வைக்கக்கூட நிற்கவில்லை.

மாம்பழச் சாலைவரை எப்படி வந்தேன் என்று தெரியாது. எதிரே ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று கேட்டது. மொபெட்டை ஓரம் கட்டினேன். ஆம்புலன்ஸ் கொள்ளிடம் பக்கம் திரும்பிப் போனது. ஒவ்வொரு வெள்ளைக் காரின் இடது முன் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் நேராகத்தான் நின்றன. எதுவும் எங்களுடையது இல்லை.

பாலத்துக்கு முன்னால் ஓர் ஆட்டோ ஸ்டாண்டு. மாலை போட்ட ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. அந்த வரிசைக் கடைசியில், இன்னொரு ஆட்டோ மாதிரியே மாலையும் வாழைக்கன்றுமாக எங்கள் கார். வரும்போது இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். வெளியே தாயும் மகளும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திரும்ப முடியாதுன்னா முடியாது. பூஜை நாளும் அதுவுமா கிளம்புனவங்க யாராச்சும் பாதியில வீட்டுக்குத் திரும்புவாங்களா?"

"சாமி விளக்கு எரியுதும்மா. நான் அணைக்கவே இல்ல. பக்கத்துலயே என் புக்கு இருக்கு."

"அணைச்சேடி. நான் பாத்தேன்."

"பாத்தியா, இல்ல பாத்தேன்னு சொல்றியா?"

அப்போது என்னைப் பார்த்தார்கள். மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கினேன். மகளிடம், "உள்ள உக்காந்து ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுப் பிடி. எஞ்சினைப் போடாதே" என்றேன். வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன்.

நட்டு இருந்தது. நான் விட்ட இடத்தில் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். மூன்று சுற்று இறங்கியிருந்தது. பாக்கி எத்தனை என்று எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மூன்றோ நாலோ.

அங்கேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். தார் சூடு முதுகில் ஏறியது.

"என்னங்க, என்ன ஆச்சு?" மனைவியின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"பின்னு போடலை. நட்டைக் கையாலதான் திருகி வச்சிருந்தேன்."

"அதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"எடுக்காதீங்கன்னு சொன்னேனே."

"அதை நீங்க தினமுந்தான் சொல்றீங்க."

ஸ்பேனரை நட்டில் மாட்டினேன். இறுக்கினேன். முதல் பின் செருகும்போது விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பாய் கொடுத்த இரண்டாவதைச் செருகி, இரண்டு கால்களையும் மடக்கினேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன். வலது பக்கத்தையும் பார்த்தேன். எழுந்தபோது வேட்டி முழுக்க எண்ணெய். ஒரு ஆட்டோக்காரர், "என்ன சார், வேட்டிக்கும் பூஜையா?" என்றார்.

மனைவி என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமம் பாதி அழிந்து, எண்ணெயோடு கலந்திருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். அதை வாங்கி, முந்தானையால் துடைத்து, என்னிடமே கொடுத்தாள்.

"இருந்த இடத்துலயே வைங்க" என்றாள்.

நானே நூறு அடி ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒடித்தேன், பள்ளத்தில் இறக்கினேன். சத்தம் இல்லை. இறங்கி நின்றதும் மகள் கேட்டாள்.

"நான் ஓட்டலாமாப்பா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் கண்ணில் பயம் இருந்தது. ஆனால் அது வண்டியைப் பற்றி இல்லை.

"நீங்க வீட்டுக்குள்ள போனீங்கல்ல? விளக்கு எரிஞ்சுதா?"

யோசித்தேன். ஸ்பேனர் ஞாபகம் இருந்தது, விழுந்த பூ ஞாபகம் இருந்தது. விளக்கைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அதைவிட, கதவைப் பூட்டியதும் ஞாபகம் இல்லை. சாவி என் பையில் இல்லை.

"அணைஞ்சிருந்துச்சு" என்றேன். "நீ ஓட்டு. பாலத்துல முப்பதுக்கு மேல போகாதே."

பின்னாலேயே மொபெட்டில் போய் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கார் பாலத்தில் ஏறும்வரை பார்த்தேன். நேராகத்தான் போனது. பிறகு மொபெட்டைத் திருப்பினேன்.

வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. எதுவும் போகவில்லை. பூஜை மூலையில் ஸ்பேனர் வரிசையில் ஒரு இடைவெளி. அதில் அதை வைத்து, புதிதாகச் சந்தனம் தொட்டு, விழுந்த பூவை எடுத்து மேலே வைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போனை மடியில் வைத்துக்கொண்டு, பாலம் தாண்டியிருப்பார்கள், பாலக்கரை வந்திருப்பார்கள், மேம்பாலம் ஏறியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது.

"வந்துட்டோம்ப்பா. ஒரு சத்தமும் இல்ல. மாமா வண்டியைப் பாத்துட்டு நல்லா இருக்குன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "விளக்கு நிஜமாவே அணைஞ்சிருந்துச்சுல்ல?"

"அதான் சொன்னேன்ல" என்றேன்.

அவளுடைய புத்தகத்துக்கு ஒரு சாண் தள்ளி, விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது.