தோளுக்கு மேலே நின்ற கை

மீன் கழுவிய கையில் என் மருமகள் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் வியாகுலம் அத்தை என் நினைவில் வந்து நின்றுவிட்டார்.

அப்போது வெள்ளைக்காரர் காலம்; எனக்கு ஒன்பது வயது. சாந்தோமில் மீன் விற்ற பக்கத்து வீட்டு அத்தைதான் எனக்கு ஜெபமெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். மாதா கோயிலில் நடக்கும் உறுதிபூசுதல் சடங்குக்கு அவரையே ஞானத்தாயாக வைத்தார்கள். ஆயர் என் நெற்றியில் தைலம் பூசும்போது அவர் என் தோளைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஞானத்தாய் ஆக முடியாது.

"அத்தை கை நாறும், பொண்ணுங்க சிரிப்பாங்க" என்று அம்மாவிடம் நான் முணுமுணுத்தது, வாசலில் நின்ற அவர் காதில் விழுந்துவிட்டது.

உறுதிபூசுதல் அன்று காலை என்னிடம் கையை நீட்டினார். "எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சிகினு வந்தேன் கண்ணு. மோந்து பாரு, வாடை கீதா?"

இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோயிலில் ஆயர் என் முன்னால் வந்துவிட்டார். தோளில் கனமே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். என் வெள்ளைக் கவுனுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் அந்தக் கை தொடாமல் நின்றது. தோளை உயர்த்தி அதில் முட்டினேன். கை அழுந்தி உட்கார்ந்தது.

வெளியே வந்ததும், "கவுனெல்லாம் மீன் வாடை ஒட்டிக்கிச்சே! உங்கம்மா என்னை உதைக்கப்போறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இன்னும் வாடை போகல அத்தை" என்றாள் மருமகள் என்னிடம், கையை மோந்து பார்த்துவிட்டு. அவள் கையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன்.