பின்கேற்றால் வந்த மெம்பர்

அன்றைக்கு மாநகர சபைக் கூட்ட மண்டபத்தில் இருந்தவர்கள்: மேயர், செயலாளர், பழைய மெம்பர்மார், எங்கட லயனிலிருந்து முதன்முதல் மெம்பராகப் போன ஓட்டோக்கார அக்கா, தேத்தண்ணி கொடுக்கிற பியோன், வாசலில் கூட்டுகிற தும்புத்தடியோடு நான்.

எங்கட லயன் வாவிக்கரையில் இருக்கிறது. தெருக்கூட்டவென்று பாட்டன்மாரைக் கொண்டுவந்து இருத்திய வரிசை வீடுகள். இன்றைக்கும் வீட்டுக்கொருவர் சபையில்தான் வேலை. சபைச் சம்பளம் எடுக்கிறவர் தேர்தலில் நிற்க ஏலாது. அதனால் எங்களுக்காக எப்போதும் வேறு தெரு ஆட்கள்தான் பேசினார்கள், அல்லது பேசாமல் இருந்தார்கள். அக்கா சொந்த ஓட்டோ ஓடுகிறவ. அவவைப் பிடித்து நிறுத்தினோம், வென்றுவிட்டா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எதற்கும் பயப்படுகிற பிறவி. மாரிக்கு முதல் எங்களுக்குத் தண்ணி ஓட ஒரு கான் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் போன வருசம் போல மழைத்தண்ணி அடுப்படிக்குள் ஏறி நிற்கும். அக்கா எழும்பிக் கேட்பாவா, கேட்டால் சிரிப்பார்களா, அந்தக் கோபம் என்ட வேலையில் வந்து விழுமா என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் லயனே நல்ல உடுப்பு உடுத்து அவவைக் கூட்டிக்கொண்டு வந்தது. வந்து நின்றது பின்கேற்றில், சபையின் பின்வாசலில், குப்பை வண்டில்கள் நிற்கிற பக்கம். எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. சபைக்கு வழி என்றால் எங்களுக்கு அதுதான். வாச்சர் ஓடி வந்தார்.

"அக்கா, மெம்பர்மார் முன்னால வரணும்."

"இதால போனா உள்ளுக்குப் போகாதா தம்பி?"

"போகும்..."

"அப்ப விடுங்க. சீலையில சேறு பட்டா நான் தோய்ச்சுக்கிறன்."

இந்தக் கதை அவவுக்கு முந்தி மண்டபத்துக்குள் போய்விட்டது. அவ கானைப் பற்றி வாய் திறந்ததும் முன்வரிசை மெம்பர் ஒருவர், "அக்காவுக்கு இன்னும் முன்வாசலே தெரியா, அதுக்குள்ள கான் கேக்கிறா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் தும்புத்தடியோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஓம் அண்ணன், முன்வாசல் தெரியாதுதான்" என்றா அக்கா. "பின்கேற்றடியில உங்கட கான் உடைஞ்சு நாறுறது உங்களுக்குத் தெரியுமா? இப்பதான் தாண்டி வந்தனான். சபைக்கே கான் இல்லாட்டி லயனுக்கு எங்கால வரும்?"

மேயர் பியோனைப் பார்த்தார். பியோன் தேத்தண்ணித் தட்டைப் பார்த்தார்.

"வாங்க, போய்ப் பார்ப்பம்" என்று மேயர் எழும்பினார். மெம்பர்மார் எல்லாரும் பின்னால் போனார்கள். அக்காவைக் கேலி செய்தவரின் சப்பாத்துத்தான் சேற்றில் முதலில் புதைந்தது. திரும்பி வந்து இருந்ததும் இரண்டு கானுக்கும் கையைத் தூக்கினார்கள், அவரும் சேர்த்து. பிறகு மண்டபம் முழுக்கச் சேற்றுக் கால். கழுவும்போது எனக்கு ஒரு அலுப்பும் வரவில்லை.

மாரிக்கு முதலே லயனில் கான் கட்டி முடிந்தது. மழை இருட்டினால் இப்பவும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். தண்ணி தன்பாட்டில் வாவிக்குப் போகிறது, அடுப்படி காய்ந்து கிடக்கிறது. கான் வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் கிடங்கு வெட்ட லயன் ஆட்களைத்தான் பிடித்தார், என்ட மனிசனையும். சம்பளத்தில் கொஞ்சம் பிந்துகிறது. "அந்தக் கொந்தராத்துக்காரரைக் கண்டா ஓட்டோவைக் குறுக்கால விட்டுத்தான் கேப்பன், நீ சும்மா கவலைப்படாத புள்ள" என்று அக்கா சொல்லியிருக்கிறா. இன்னும் வரவேண்டியது நாலாயிரத்து ஐநூறு ரூபா.