பொனற்றுக்குள் ஒரு குங்குமப் பொட்டு

எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் நயாகரா நீர்வீழ்ச்சிப் படம் போட்ட ஒரு காந்தம் இருந்தது. அது என்னுடையது. ஒரு சனிக்கிழமை மாமா அதைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கார் பார்க்கப் போகிறேன், வா என்றார். காந்தத்தைத் தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

மாமா அம்மாவின் தம்பி. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தார். பிஸ்கட் பக்ரறியில் பின்னேர ஷிப்ட். உடுப்பிலிருந்து எப்போதும் வனிலா மணக்கும். எனக்கு அது பிடிக்கும், அவருக்குப் பிடிக்காது. பழைய அமெரிக்கக் கார்களைத் திருத்திப் புத்துயிர் கொடுப்பதுதான் அவருடைய ஆசை. யூனியன்வில்லில் அப்படிப்பட்ட கார்களைச் சேர்க்கும் ஒரு வெள்ளைக்காரர் மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முதலில் நீயே ஒன்றை வாங்கித் திருத்திக் காட்டு. சரியாக இருந்தால் அதை நான் வாங்குகிறேன், என்னுடைய மற்றக் கார்களின் வேலையையும் உனக்கே தருகிறேன் என்று. அந்த ஒரு கார் சரிவந்தால் மாமா பக்ரறியை விட்டுவிடலாம்.

மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு கொட்டிலுக்குள் அது நின்றது. இரண்டு கதவு, என்ஜினை மூடக் கட்டில் மாதிரி நீண்ட பொனற். மாமா அதை மசில் கார் என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தூசியும் துருவேறிய கறளும்தான். துணி சுற்றிய காந்தத்தை என்னிடம் தந்து உடம்பு முழுக்க வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒட்டினால் இரும்பு. வழுக்கி விழுந்தால் கறள் ஓட்டையைப் பசை அப்பி மறைத்திருக்கிறார்கள். நான் ஒரு டொக்டரின் மிடுக்கோடு சுற்றி வந்தேன். பின் சில்லுக்கு மேலே மட்டும் நயாகரா வழுக்கியது.

பிறகு பொனற்றைத் திறந்து, என்ஜினில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்து என்னை வாசிக்கச் சொன்னார். முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த தகட்டின் கடைசி இலக்கங்களும் அதுவும் ஒன்றாக இருந்தன. மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அதே என்ஜின் பிள்ளை. பிறந்ததிலையிருந்து மாத்தேல்லை. இதுக்குத்தான் மதிப்பு."

கார் எங்கள் கராஜுக்குள் வந்தது. அப்பாவின் கார் பனிக்குள் போனது. ஒவ்வொரு விடியலும் அப்பா கண்ணாடியில் ஐஸ் சுரண்டியபடி கராஜைப் பார்த்து முறைப்பார். "உது கார் இல்லை, கறள். கறளை வீட்டுக்குள்ள வைச்சிட்டு காரை வெளியில வைச்சிருக்கிறம்" என்பார். ஆனால் மாமா கூப்பிட்டால் முனகிக்கொண்டே போய் என்ஜினைத் தூக்கும் சங்கிலியைப் பிடிப்பார்.

எல்லாம் ஒரு இரவுச் சாப்பாட்டில் பிழையாய்ப் போனது. மாமா சந்தோஷத்தில் என்ஜின் எண்ணைப் பாடமாக்கியது போல ஒப்புவித்தார். அம்மா இடியப்பத்தை வைத்துவிட்டு விரல் மடித்துக் கூட்டினார். எட்டு வந்தது.

எங்களுடைய ஆட்கள் வீட்டு இலக்கத்தையும் கார் இலக்கத்தையும் கூட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். எட்டு சனியின் எண். ஆனால் அம்மாவுக்கு அது வெறும் சாத்திரம் இல்லை. ஊரில் அவருடைய அண்ணன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தார். அந்தச் சைக்கிளின் எண்ணும் கூட்டினால் எட்டுத்தான்.

"நம்பர் பிளேட் எண்டால் மாத்தலாம். என்ஜினில பொறிச்சதை என்ன செய்யிறது தம்பி?" என்றார்.

"அரத்தால ராவித்தான் எடுக்கோணும்" என்றார் அப்பா பகிடியாக. மாமா சிரித்துக்கொண்டு சம்பலுக்குக் கை நீட்டினார். அந்த எண்ணில்தான் காரின் மதிப்பே இருக்கிறது என்று அக்காவுக்கு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவ்வளவு காலம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா அப்போது இரும்புச் சாமான் செய்யும் ஒரு பக்ரறியில், வெட்டிய துண்டுகளின் பிசிறை அரத்தால் ராவும் வேலை செய்துகொண்டிருந்தார்.

பனி கரைந்து, காரும் நீல நிறமாகி மினுங்கத் தொடங்கியது. யூனியன்வில்காரர் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். வந்ததும் மாமா அவரை ஏற்றிக்கொண்டு முதன்முதலாக அதை ஓட்டப் போகிறார். அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, மாமா வேலைக்குப் போன பிறகு அம்மா விளக்கேற்றிவிட்டு, தட்டில் எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமத்தோடு கராஜுக்கு வந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி வன்கூவருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பொனற்றைத் திறந்தார். எனக்கு முன்னால் ஒரு நீலச் சுவர் எழும்பியது. அதற்குக் கீழே இருந்த இடைவெளியால் அம்மாவின் காப்பு முன்னும் பின்னும் போய்வருவது மட்டும் தெரிந்தது. கர், கர் என்று ஒரு சத்தம்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"மாமாவுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு பூசை செய்யிறன். நீ பேசாமல் ஓட்டு."

அடுத்த நாள் அந்த மனிதர் ரோச் லைட்டோடு வந்தார். அவரிடமும் ஒரு காந்தம் இருந்தது. எங்கும் வழுக்கவில்லை. மாமாவின் தோளில் தட்டினார். பிறகு பொனற்றைத் திறக்கச் சொன்னார். என்ஜினில் எண் இருக்கவேண்டிய இடத்தில் சந்தனமும் அதன் நடுவே ஒரு குங்குமப் பொட்டும் இருந்தன. அவர் கைக்குட்டையால் துடைத்தார். கீழே இரும்பு வெறுமையாகப் பளபளத்தது. எண் இல்லை.

அவர் கத்தவில்லை. எண்ணை யாரோ ராவி எடுத்திருக்கிறார்கள், இனி இது எந்தக் காரின் என்ஜின் என்று யாருக்குத் தெரியும், இப்படிச் செய்த கையில் என்னுடைய கார்களை எப்படித் தருவது என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். மாமா அந்தக் கைக்குட்டையில் இருந்த சிவப்பைப் பார்த்தார். பிறகு கதவடியைப் பார்த்தார். அம்மா அங்கே அந்த மனிதருக்கென்று சுட்ட றோல்ஸோடும் தேத்தண்ணியோடும் நின்றார்.

"என்னவாம் தம்பி?"

"அடியில கறள் கூடவாம் அக்கா. வேண்டாமாம்."

வங்கியிலும் டொக்டரிடமும் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது நான்தான். "இல்லையம்மா, அவர் சொன்னது நம்பரை..." என்று தொடங்கினேன்.

"பிள்ளைக்கு விளங்கேல்லை அக்கா. உது கார் இங்கிலிஷ்" என்றார் மாமா. "நீ உள்ள போ."

எனக்கா விளங்கவில்லை? வகுப்பில் ஆங்கில வாசிப்பில் முதலாவது நான். மாமாவோ தொலைபேசியில் பீட்சா சொல்லவே என்னைக் கூப்பிடுகிறவர். அழுதுகொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு கிழமை, ஏழு நாளும், அவரோடு கதைக்கவில்லை.

காரை யாரோ வந்த விலைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மாமா பிஸ்கட் பக்ரறிக்கே போனார். இன்னும் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வருவார். அம்மா றோல்ஸை நீட்டிக்கொண்டு இப்போதும் சொல்வார்:

"நல்ல காலம் தம்பி, அந்த எட்டு வீட்டை விட்டுப் போனது."

"ஓம் அக்கா" என்பார் மாமா.

நான் கதைக்காமல் இருந்த அந்தக் கிழமையின் கடைசியில் மாமா வேலை முடிந்து வந்து என் அறைக் கதவைத் தட்டினார். வனிலா மணத்தது. குளிர்காலம் முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருந்த நயாகரா காந்தத்தை என் கையில் வைத்து, "கோவமோ பிள்ளை? உன்ர இங்கிலிஷ்தான் சரி" என்றார். நான் மன்னித்துவிட்டேன் என்பது போலப் பெரிய மனதோடு தலையாட்டினேன். அந்த வீட்டில் அந்தக் கிழமை எல்லாவற்றையும் இழந்தவர் அவர். சமாதானம் செய்ய வந்தவரும் அவர்தான்.